தண்ணீரை இழுக்காத குப்பி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உன் அத்தானுக்கு எலும்புத் தேய்மானம் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. எலும்பை வலுவாக்கும் உங்கள் கம்பெனியின் பெப்டைடு ஊசியைத்தான் போடுகிறேன். நான் நர்ஸாக இருக்கும் வார்டிலும் அதேதான். போன் செய்தால் எடுப்பதில்லை நீ. பெரிய மனிதன் ஆகிவிட்டாய், கடிதமாவது படி.

ஒரு சந்தேகம். முன்பெல்லாம் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தியதும் பொடியைக் கரைக்கும் தண்ணீரைக் குப்பி தானே வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இப்போது பல குப்பிகள் இழுப்பதில்லை. நான்தான் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. பொடியும் அடியில் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்கிறது. அங்கே மூடி வாங்குகிறவன் நீதானே, கொஞ்சம் பாரேன்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, வேலை கழுத்தை நெரிக்கிறது. மருந்தை உலர்த்தும் அறையிலேயே குப்பிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சியதும், மேலிருந்து தட்டு இறங்கி மூடிகளை அழுத்திவிடும். உள்ளே காற்று இல்லாததால்தான் குப்பி தண்ணீரை இழுக்கிறது. அப்படி மூடிய பிறகு ஈரம் புகுந்து மருந்து எப்படிக் கெடும்? எலியைப் புலி என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அத்தானுக்கென்று தனியாக ஒரு பெட்டி அனுப்புகிறேன். பழைய மூடி போட்டது, நானே எடுத்து வைத்தது. அதையே போடு, வார்டு மருந்து வேண்டாம். யாரிடமும் சொல்லாதே.

உன் தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

பெட்டி வந்தது. முதல் குப்பியே தண்ணீரை நன்றாக இழுத்தது. சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. மறுநாள் வார்டில்தான் உறைத்தது. வீட்டுக்குப் பழைய மூடி, ஊருக்குப் புது மூடி. அப்படியென்றால் உனக்கு எல்லாம் தெரியும்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரி. மாதக்கணக்காக நான் ஊசி போட்டவள். குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து திரும்பி வந்திருக்கிறாள். என்னைத் திட்டவில்லை.

"ஒரு நாள்கூடத் தவறாம போட்டீங்களே சிஸ்டர், எனக்கு மட்டும் ஏன் மருந்து பிடிக்கல?" என்று கேட்டாள்.



அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

மலிவு மூடியை வாங்கச் சொன்னது மேலிடம். சோதனையில் சில குப்பிகள் காற்றை உள்ளே விட்டன, உண்மைதான். நான் கையெழுத்துப் போடாவிட்டால் இன்னொருவன் போட்டிருப்பான். நீ வாய் திறந்தால் என் பிழைப்பில் மண் விழும். தூக்கி வளர்த்த கையாலேயே தள்ளிவிடாதே.

உன் தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

வார்டுக் குப்பிகளையும் நீ அனுப்பியதில் மீதியையும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். வேறு மருந்து வரும்வரை அத்தானுக்கு ஊசி கிடையாது. வலியோடு படுத்துக்கொண்டு, உன்னை மன்னித்து விட்டிருக்கலாமே என்கிறார். எனக்கு உன்மேல் பாசம் இன்னும் போகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இனி இந்த வீட்டுக்கு வராதே.

நல்ல குப்பிகளை யார் அனுப்பியது என்று அதிகாரி கேட்டார். கூடப் பிறந்தவன் என்றேன். பெயர் கேட்டார். நீ பிறந்தபோது நான் அடம்பிடித்து வைத்த பெயர். அவர் எழுதிக்கொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அக்கா