அரிசிச் சாக்கும் பூஞ்சணமும்

நோர்பரி, 12.2.1991

அன்புள்ள கலாவதிக்கு,

நீரும் வதனியும் சுகந்தானே? பிள்ளைக்கு முட்டு இழுப்பு குறைந்ததா? என்னைப்பற்றிக் கவலை வேண்டாம்.

நீங்கள் இங்கே வரும்போது வதனிக்கென்று ஒதுக்கிய மேலறையின் சீலிங்கில் கரும்பூஞ்சணம் பிடித்திருந்தது. கூரை ஒழுகுகிறது, திருத்தாமல் ஏமாற்றுகிறார் என்று வீட்டுக்காரர் பரமேஸ்வரன் அண்ணையோடு சண்டை பிடித்து, மூன்று மாதம் முகம் கொடுக்காமல் இருந்தேன்.

நேற்று அவர் ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறிப் பார்த்தார்.

"கூரை ஒழுகேல்லைத் தம்பி. காத்து வாற ஓட்டையெல்லாம் அரிசிச் சாக்கால அடைச்ச மகாராசன் ஆர்?"

குளிருக்குப் பயந்து அடைத்தவன் நான்தான். சமையல் ஆவி மேலே போய், வெளியேற வழியில்லாமல் பலகைகளில் ஈரமாகப் படிந்திருக்கிறது. இருவருமாகச் சாக்குகளை இழுத்தெடுத்து, பிளீச் போட்டுத் தேய்த்துத் துடைத்தோம். இனி யன்னலைத் திறந்துவைத்துத்தான் சோறு வடிக்க வேண்டும்.

மூன்று மாதம் முன்பே ஏறியிருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு. ஆனாலும் பிழை என்னுடையதென்று நீர் அவருக்கு இரண்டு வரி எழுதிவிடும். எனக்கு வாய் வரவில்லை.

வதனி பாவிக்கும் மருந்தின் பெயரையும், கொஞ்சம் மிளகாய்த்தூளையும் அனுப்பும். அந்த அறையில் இப்போது நான்தான் படுக்கிறேன். ஒரு மாதம் எனக்கு இருமல் வராவிட்டால் உங்கள் இருவருக்குமான விசாக் கடதாசிகளை அனுப்புவேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உமது
யோகலிங்கம்