ராமுலு சாரின் ஈர விறகு

டிசம்பர் 3, புதன்

விடிவதற்குள் மறுபடியும் புகை. கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் ஓனர் ராமுலு சாருக்கு கீசர் வெந்நீர் உடம்பில் ஒட்டாதாம், அதனால் கீசரே வாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் விறகு பாய்லர் வைத்திருக்கிறார். புகை நேராக மாடிக்கு, எங்கள் படுக்கையறைக்கு. ஜன்னலை மூடினாலும் இடுக்கு வழியே வருகிறது. மகள் பூஜிதாவுக்கு இருமலில் தொடங்கி இழுப்பில் முடிந்தது. ஐந்து வயதுக் குழந்தை நெபுலைசரை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிற பார்வை — அதை அந்த மனிதருக்கு யார் காட்டுவது?

டிசம்பர் 5

இறங்கிப் போய்ச் சொன்னேன், விறகு ஈரம், அதனால்தான் இத்தனை புகை என்று. பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"நம்ம உடுமலைத் தோட்டத்து வேம்புங்க அம்மணி. வேப்பம்பொகை ஒடம்புக்கு நல்லதுங்க."

வைத்தியர் வேறு! தினமும் அந்தப் பாய்லரைப் பற்றவைப்பவர் அவர் மனைவி வரலட்சுமி அக்கா. சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரும் தலையாட்டுகிறார். என்ன பிறவியோ.

டிசம்பர் 6

சசிதரிடம் சொன்னால், "ஓனருகூட எதுக்கு வம்பு?" எனக்கு வாய்த்த வீரன்.

டிசம்பர் 11

சார் ஈரம் அளக்கும் மீட்டர் வாங்கிவிட்டார். சட்டைப்பையில் பேனாவைப்போல் செருகிக்கொண்டு மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, வாங்க, சயின்ஸ்படியே பாத்துப்போடலாம்."

அடுக்கின் மேலே, வெயிலில் காய்ந்த ஒரு கட்டையின் பட்டையில் ஊசியைக் குத்தினார். பதினான்கு. இருபதுக்குக் கீழே என்றால் காய்ந்த விறகாம்.

"மிசினு பொய் சொல்லுமுங்களா?"

சொல்லாது. பட்டையைக் கேட்டால் பட்டையைப் பற்றிச் சொல்லும். சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

டிசம்பர் 14

ஆஸ்பத்திரி. பூஜிக்கு ஆக்சிஜன். உதடெல்லாம் நீலம் பாரிச்சுப்போச்சு. அந்த ஆளை — என்ன பண்றது? என்னதான் பண்றது?

டிசம்பர் 16

வீட்டுக்கு வந்தோம். வாசலிலேயே சார். "பனிக்காத்துங்க. கொழந்தைக்குக் குல்லா போடுங்க."

பூஜியை சசிதரிடம் கொடுத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனேன். சாரும் தொடர்ந்து வந்தார். கோடாலியை எடுத்து ஒரு கட்டையைப் பிளந்தேன். உள்ளே ஈரம் பளபளத்தது.

"இங்க குத்துங்க சார்."

மீட்டரை அவர் பையிலிருந்து உருவி நானே குத்தினேன். நாற்பத்தொன்று.

"மீட்டரு கெட்டுப்போச்சுங்க," என்றார், துளியும் கூசாமல். "புடிக்கலீன்னா ஊட்டைக் காலி பண்ணிக்கோங்க."

பீளமேட்டில் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது என்று தெரிந்த தைரியம். ஆனால் மரியாதையில் குறைவில்லை. ஆளைக் கொன்றாலும் 'ங்க' போட்டுத்தான் கொல்வார்.

படியேறும்போது வரலட்சுமி அக்கா பின்னாலேயே வந்தார். "கொழந்தைக்கு என்னாச்சு அம்மணி? சளின்னுதானே அவரு சொன்னாரு?"

ஆக்சிஜன் வைத்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். சரிதான், இன்னொரு தலையாட்டல்.

டிசம்பர் 17

வீடு தேடச் சொல்லி சசிதரை அனுப்பினேன். ஒன்றும் அமையவில்லை.

டிசம்பர் 18

நன்றாக விடிந்துவிட்டது. புகையைக் காணோம். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பாய்லர் பக்கத்தில் அக்கா காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளேயிருந்து சாரின் குரல். "தண்ணி காஞ்சுதா?"

"வெறகு ஈரமுங்க. காயட்டும், பத்த வெக்கறேன்."

"அதுக்கு மாசக்கணக்காகுமே! அதுவரைக்கும் நானு?"

"பச்சத்தண்ணிங்க."

பிறகு குளியலறையில் வாளி உருண்டது, கூடவே ஓர் அலறல்.

பூஜி புரண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஜன்னலை நான் மூடவில்லை.