ஏழு கட்டை

நூம்பல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் இடது முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளை ஜீவாவும் குழந்தையும் ஆக்லாந்து குளிரில் சளி, இருமல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று கும்பிடாத நாளில்லை. தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே, என் பிரஷர், சுகர் எல்லாம் அளவோடுதான் இருக்கின்றன. போனிலேயே சொல்லிவிடலாம் என்று நான்கு தடவை வாயெடுத்தேன், நான்கு தடவையும் ஏதோ ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன் அப்பாவின் வீரம் உனக்குத் தெரியாததா. போன வாரம் குழந்தை தூங்காமல் அழுதபோது அம்மா உன்னை ஒரு தாலாட்டுப் பாடச் சொன்னாள். நீ சிரித்துக்கொண்டே, என் குரல்தான் உடைஞ்ச குரலாச்சேம்மா, புள்ள பயந்துடும், என்று சொல்லிவிட்டுப் போனில் எதையோ போட்டுவிட்டாய். அம்மாவும் சிரித்தாள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. உடைஞ்ச குரல் என்பது நான் வைத்த பெயர், அது தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் பாட்டு வகுப்பில் சேர்ந்த கூத்தை முதலில் சொன்னால்தான் உனக்கு விஷயம் விளங்கும்.

எதிர் வீட்டு மாடிக்கு ஜெபா என்று ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், உன்னைவிட நாலைந்து வயது சின்னவள், பிள்ளைகளுக்குப் பாட்டும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறாள். சாயங்காலம் நாலு மணி ஆனால் பத்துப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ச ரி க ம என்று கத்தும். என் பகல் தூக்கம் போயே போய்விட்டது. ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை, சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன். அந்தப் பெண் ஒரு நாற்காலியைப் போட்டு, உக்காருங்க அங்கிள், கிளாஸ் முடிஞ்சதும் பேசலாம், என்றாள். உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் நானும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா, சண்ட போடப் போன மனுசன் பாட்டு கிளாஸுல சேந்துகினு வந்து நிக்கிறாரு, இத்த நான் யாராண்ட போய்ச் சொல்றது, என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

ச ரி க ம ப த நி என்றால் வெறும் ஏழு எழுத்து என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் முழுப் பெயர் இருக்கிறதாம், சட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். நான் தைவதத்தைத் தெய்வதம் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனேன். வரிசையாக மேலே ஏறினால் ஆரோகணம், கீழே இறங்கினால் அவரோகணம். எனக்கு ஏறும்போது மூச்சு வாங்கியது, இறங்கும்போது எந்தப் படியில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. முதல் பாடத்து ராகத்துக்கு மாயாமாளவகௌளை என்று பெயர், அதைப் பாடுவது இருக்கட்டும், பெயரைத் திக்காமல் சொல்லவே இரண்டு நாள் பிடித்தது. பக்கத்தில் உட்காருகிற சிம்ரன் என்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை, டீச்சர், தாத்தா மட்டும் வேற பஸ்ல போறாரு, என்று புகார் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அது சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

இரண்டாவது வாரம் ஜெபா, உங்களுக்கு எத்தனை கட்டை அங்கிள், என்று கேட்டாள். கட்டை என்றால் ஹார்மோனியத்தில் விரல் வைத்து அழுத்துகிற கட்டைதான். முதல் வெள்ளை ஒரு கட்டை, அடுத்த வெள்ளை இரண்டு, நடுவில் இருக்கிற கறுப்பு ஒன்றரை, இப்படியே ஏழு வரைக்கும் போகும். அதில் எந்தக் கட்டையில் நம் ச-வை வைக்கிறோமோ அதுதான் நம் சுருதி. நான் ரொம்ப அடக்கமாக, நடுவாந்தரமாக மூன்றரை வையுங்கள் என்றேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல், மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கறுப்பே கிடையாது அங்கிள், மூணரை கட்டைன்னு ஒண்ணு இல்லவே இல்ல, என்றாள். முப்பத்திரண்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெர்னியர் அளவுகோலைப் பிடித்துப் பிழை பார்த்தவன், உலகத்தில் இல்லாத அளவைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் என் தொண்டையைச் சோதித்து எனக்கு ஒரு கட்டை என்றாள். நூற்றுக்கு ஒரு மார்க் போட்ட மாதிரி ரோஷம் வந்துவிட்டது எனக்கு. நன்றாகப் பயிற்சி எடுத்தால் ஏழு கட்டைக்கு உயர்த்துவாயா என்று கேட்டேன். அவள் பொறுமையாக, இது மார்க் இல்ல அங்கிள், செருப்பு சைஸ் மாதிரி, அவங்கவங்க தொண்டைக்கு எது சுகமோ அதுதான் அவங்க கட்டை, ஏழுல வெச்சா ச-வே உச்சியில இருந்து ஆரம்பிக்கும், பழக்கம் இல்லாதவங்களுக்குப் பாதிப் பாட்டுலயே குரல் கிழிஞ்சுடும், என்றாள்.

குரல் கிழியும் என்று அவள் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது கவி. அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருந்தபோது காலனிப் பொங்கல் விழாவில் நீ பாடினாயே, ஆறாம் வகுப்பில், அந்த மேடை அப்படியே கண் முன்னால் வந்தது. ஹார்மோனியம் வாசிக்க வந்த ராஜசேகரன், பாப்பாவுக்கு எத்தினி கட்ட சார், என்று கேட்டார். நீ பதில் சொல்ல வாயைத் திறந்தாய், நான் முந்திக்கொண்டேன். முன்வரிசையில் எங்கள் மேனேஜர் உட்கார்ந்திருந்தார், எனக்குத் தெரியாது என்று சொல்ல நாக்கு வளையவில்லை. எத்தனை என்று ஒருவர் கேட்டால் பெரிதாகச் சொல்வதுதான் கௌரவம் என்று நினைக்கிற புத்தி எனக்கு. ஏழு என்றேன். அவர் விரலை எடுத்துவிட்டு, ஏழா, கொயந்த தாங்குமா சார், என்று மறுபடியும் கேட்டார். எங்கள் வீட்டுப் பிள்ளை தாங்கும், நீங்கள் வாசியுங்கள் என்று அதட்டலாகச் சொன்னேன். முதல் இரண்டு வரியை நீ எப்படியோ எட்டிப் பிடித்தாய். மேலே போகிற இடத்தில் குரல் பிளந்தது, கூட்டம் சிரித்தது. நீ என்னைப் பார்த்தாய், நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், பிராக்டிஸ் பண்ணாம மானத்த வாங்கிட்டியே, என்று உன்னைத்தான் திட்டினேன். அப்புறம் வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் எங்கள் பெண்ணுக்கு உடைஞ்ச குரல் என்று அதையே ஜோக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அன்றிலிருந்து நீ குளியலறையில்கூட முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

வகுப்பிலிருந்து வந்ததும் பரணில் ஏறி உன் பழைய பாட்டு நோட்டைத் தேடி எடுத்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, அது எனக்கு வேண்டியதுதான். முதல் பக்கத்தில் உங்கள் ஸ்கூல் மிஸ் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார், பெயர் கவிப்பிரியா, சுருதி நாலரைக் கட்டை. ஆக உனக்குத் தெரிந்திருக்கிறது. பதினோரு வயதுப் பிள்ளை, அத்தனை பேர் முன்னால் அப்பாவை மறுத்துப் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, ஏழு கட்டையில் பாட நின்றிருக்கிறாய். பிறகு இத்தனை வருஷமும் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. போன வாரம் நீ போனில் அப்படிச் சொன்ன அன்று இரவுதான் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன், செய்யவில்லை. என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம், அவளாண்ட சொல்லு, என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதனால் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு அம்மா. சட்டென்று முடியாவிட்டால் பரவாயில்லை, மெதுவாக மன்னி. குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போடுகிற தேதியைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளையைக் காரை மெதுவாக ஓட்டச் சொல், நீ வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இன்னும் ஒன்று, மறக்காதே. குழந்தை அழுதால் போனைத் தள்ளி வைத்துவிட்டு நீயே பாடு. உன் குரல் எங்கே சுகமாக உட்காருகிறதோ அங்கே ஆரம்பி, அதுதான் உன் ச, யாரையும் கேட்க வேண்டாம். யாராவது உன்னிடம் எத்தனை கட்டை என்று கேட்டால், இந்தத் தடவை நீயே சொல், அப்பா பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஏகாம்பரம்