மிச்சம் வைக்காத பிள்ளை

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் மகள் சுண்டெலியால் என் உயிர்தான் போகிறது. நாலு வயதில் இவ்வளவு அழுத்தமா! பிஸ்கட்டைத் தவிர எதுவும் இறங்காது. பீன்ஸைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, என் தலை திரும்பியதும் சோபாவுக்கு அடியில் துப்புகிறாள். நீ சம்பாதிக்கப் போய்விட்டாய், நான் கரண்டியோடு வீடெல்லாம் ஓடுகிறேன். ஒரு வழி சொல்லடி.

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

படித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. இங்கே ஆஸ்பத்திரி சமையலறையில் நாளெல்லாம் காய் நறுக்குகிறேன், என் மகளுக்குக் காய் ஆகாதாம்! அடிக்காதே, கெஞ்சவும் செய்யாதே. “தட்டுல மிச்சம் வெக்காம சாப்பிட்டா அம்மா சீக்கிரம் வந்துடுவாங்க”ன்னு சொல்லிப் பார். என் பெண்ணை எனக்குத் தெரியாதா? காலித் தட்டோடு போட்டோ எடுத்து அனுப்பு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

மார்ச் 20

அடி கெட்டிக்காரி!

பலித்துவிட்டது. பீன்ஸ், கீரை, பீட்ரூட் எல்லாம் உள்ளே போகிறது. போட்டோவில் வாயெல்லாம் சிவப்பாக நிற்கிறாள் பார். டாக்டரே “எப்படிம்மா பழக்கினீங்க?” என்று கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுகிறாள், தெருவில் நீ வந்தால் காட்டுவதற்காம். உனக்கு லீவு எப்போது?

உன் அக்கா

ஜூன் 8

அக்கா,

கோபப்படாமல் படி. நான் வரப்போவதில்லை. அவள் அப்பா போனபிறகு தனியாகக் கிடந்தது போதும் என்று இங்கே ஒருவரைக் கட்டிக்கொண்டேன். எனக்குக் குழந்தை இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என் கதை அவ்வளவுதான். இனி போட்டோ அனுப்பாதே. சின்னவள்தானே, மறந்துவிடுவாள். உங்களுக்கும் பிள்ளை இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதே, மறுபடி பிஸ்கட்டுக்குத் தாவிவிடுவாள். நல்ல பழக்கம் கெடக்கூடாது.

தங்கை

ஜூலை 1

அன்பு என்று எழுதக் கை வரவில்லை.

பழக்கம் கெடவில்லை, கவலைப்படாதே. தக்காளித் தோலைக்கூட விடுவதில்லை. போன வாரம் வயிறு முட்டி வாந்தி எடுத்தாள். “போதும்டி” என்று தட்டைப் பிடுங்கினேன். “மிச்சம் இருக்கு பெரியம்மா, குடுங்க”ன்னு ஒரே கத்தல். அதோடு விட்டாளா? உன் அத்தான் ஒதுக்கி வைத்த மிளகாயை எடுத்துத் தின்றாள், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட.

பார்க்க முடியவில்லை. நேற்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லிவிட்டேன்: “உங்கம்மா வரமாட்டாடி.”

அழவில்லை. சோபாவை நகர்த்தச் சொன்னாள்.

“எதுக்குடி?”

“நான் முன்னாடி துப்பினது அங்க இருக்கும் பெரியம்மா. அதையும் சாப்பிட்டுடுறேன்.”

அதையெல்லாம் நான் எப்போதோ பெருக்கிக் கொட்டிவிட்டேன். வெறும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இனி என்ன சொல்லட்டும்? நீதான் கெட்டிக்காரி ஆயிற்றே, ஒரு வழி சொல்.

சுண்டெலியின் பெரியம்மா