நீ மனதுக்குள் சொன்ன செபமாலை

இன்று காலை வெந்நீர்த் தொட்டியிலிருந்து முகவலையை எடுத்தபோது உன் நினைவு வந்தது. சூட்டில் இளகும் அந்தப் பிளாஸ்டிக்கின் மணத்தை உன்னைத் தவிர வேறு யாரும் புகழ்ந்ததில்லை. "புதுப் பொம்மை மணக்குதடி," என்றாய். அந்த வலையை உன் முகத்திலும் கழுத்திலும் பொருத்தி, அசையாமல் படுக்க வைத்துத்தான் நாள்தோறும் உனக்குக் கதிர்ச்சிகிச்சை கொடுத்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரே வாங்கில் இருந்து படித்த நமக்கு இப்படியும் ஒரு சந்திப்பு வாய்த்தது.

கழுத்தில் கட்டி என்று தெரிந்த அன்று நீ அழவில்லை. "கோயில்ல பாட்டு எடுத்துக் குடுக்கிறது நான். குரலை மட்டும் விட்டிடச் சொல்லி உங்கட டொக்டரிட்ட கேள்," என்றாய். கேட்டேன். கட்டிக்கும் குரல்வளைக்கும் நடுவே இடம் மிகக் குறைவு, படம் தெளிவாக இருந்தால் குரல்வளையைத் தவிர்த்துக் கதிரைச் செலுத்தலாம் என்றார்.

அப்போதுதான் எங்கள் பிரிவுக்குச் செயற்கை நுண்ணறிவு வந்திருந்தது. ஸ்கேன் படத்தின் மங்கலை அது துடைத்துவிடும். உறுப்புகளின் எல்லைகளைத் தானே வரையும். நான் அரை நாள் இருந்து போடும் கோடுகளை ஒரு பிளேன்டீ குடித்து முடிவதற்குள் போட்டுவிடும். உன் படமும் பளிச்சென்று வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தச் சுத்தம் பிடிக்கவில்லை. நான் சந்தேகப்பிராணி என்று உனக்குத்தான் தெரியுமே. துடைக்காத மூலப்படத்தைத் திறந்தேன். குரல்வளை இருந்த இடத்தில் புகைபோல ஒரு கலங்கல். ஸ்கேன் எடுக்கும்போது அது ஏறி இறங்கியிருக்கிறது. அந்த அசைவைக் குறையென்று எண்ணிக் கணினி அழித்துவிட்டு, அசையாத குரல்வளை ஒன்றை வரைந்து வைத்திருந்தது. அதை நம்பிக் கதிர் கொடுத்திருந்தால் உன் குரல் போயிருக்கும்.

டொக்டர் மீண்டும் எடுக்கச் சொன்னார். மீண்டும் அதே கலங்கல். கோபத்தோடு உள்ளே வந்தேன்.

"ஆடாமப் படு எண்டனான் எல்லே?"

"நான் எங்க ஆடினனான்? வாய் கூடத் திறக்கேல்லை. மனசுக்குள்ள செபமாலைதான் சொன்னனான்."

உன் தொண்டையும் கூடவே சொல்லியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லாமல் படு என்றேன். செபம் இல்லாமல் அந்த வலைக்குள் கிடக்க உனக்குப் பயம்; செபப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினாய். "அப்ப நீ சொல்லு. நான் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்," என்றாய்.

வெள்ளவத்தையில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு வருகிற நான், உன் செபப் புத்தகத்தைப் பிரித்து, வெளி அறையிலிருந்து மைக்கில் வாசித்தேன். மூன்றாவது படத்தில் குரல்வளை அசையாமல் நின்றது. பிறகு சிகிச்சை நடந்த ஆறு கிழமையும் அப்படித்தான். இயந்திரம் உன்னை மெல்லச் சுற்றி வரும், என் குரலும் அந்த அறைக்குள் சுற்றும், நான் பிழைவிட்ட இடங்களில் உன் விரல் மட்டும் படுக்கையில் தட்டும். அந்தக் காலைகள் இப்போது கனவில் கண்டவை போல இருக்கின்றன.

அந்த வருட நத்தாருக்கு, பாலன் பிறப்புப் பூசையில் நீ பாடினாய். நான் கடைசி வாங்கில் இருந்து அழுதேன். பிறகு நோய் நுரையீரலுக்குப் போனது. எங்கள் படங்கள் எதுவும் உன்னைக் காப்பாற்றவில்லை. அது இன்னும் ஆறவில்லை எனக்கு. ஆனால் கடைசிக் கிழமையிலும் போனில், "நீ இன்னும் அந்த இடத்தில பிழையாத்தான் சொல்லுறாய்," என்று திருத்தினாய். உன் சொந்தக் குரலில்.

இப்போது துடைத்த படத்தையும் துடைக்காததையும் அருகருகே வைத்துத்தான் பார்க்கிறேன். ஸ்கேனுக்கு முன் எல்லோரிடமும், "மனசுக்குள்ள ஏதும் சொல்லுவீங்களோ?" என்று கேட்கிறேன். இன்று பாமன்கடையிலிருந்து வந்த அம்மா, "ஓம் பிள்ளை, தேவாரம்," என்றார். அவருக்காக மைக்கை எடுத்தேன். தேவாரம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். ஆனாலும் வாயைத் திறந்ததும் வந்தது உன் செபமாலைதான்.