சரசு அக்காவுக்கு மட்டும் பழைய ரேட்

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்து ஆடிக் காற்று. கொடியில் போட்ட துண்டுகள் இரண்டு முறை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டன. செவ்வாய், வெள்ளி எனக்கு வேலை இருக்காது. முடியில் கை வைக்கக் கூடாத நாட்கள். அலங்காரப் பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்தேன். தீர்ந்தவை: பஞ்சு, ரோஸ் வாட்டர், புருவம் எடுக்கும் நூல் பாதிக்குமேல்.

முடிவு செய்துவிட்டேன். வரும் திங்களிலிருந்து:

புருவம் 40 → 60
ஃபேஷியல் 500 → 700
மணப்பெண் அலங்காரம் 6000 → 8000

தாளில் பார்த்தால் பயமாக இல்லை. கண்ணாடி முன் நின்று "அறுபது ரூபாய்ங்கக்கா" என்றேன். கேள்வி கேட்பதுபோல் வந்தது. மறுபடி சொன்னேன். மன்னிப்புக் கேட்பதுபோல் வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா: "ரேட்டு ஏத்துறியா, பரீட்சைக்குப் போறியா? மூஞ்சியப் பாரு."

மூன்று வருடமாக ஒரே ரேட். க்ரீம், பெட்ரோல் எல்லாம் ஏறியாகிவிட்டது. வலது மணிக்கட்டில் வலி. உனக்கென்ன கடை வாடகையா, கரண்டு பில்லா, வீடு வீடாகத்தானே போகிறாய் என்பார்கள். அதியமான்கோட்டையிலிருந்து பாப்பாரப்பட்டி போய்வரும் நேரத்தை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. நானும் சேர்த்ததில்லை.

ஜூலை 23, புதன்

மேகம். மழை இல்லை.

மெசேஜை ஆறு முறை எழுதினேன். முதலில் எழுதியதில் "மன்னிக்கவும்" மூன்று இடத்தில் இருந்தது. கடைசியில் ஒன்றாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். முப்பத்தொரு பேர்.

பாப்பாரப்பட்டி சரசு அக்காவுக்கு அனுப்பவில்லை.

பெயரைத் தொட்டேன். தட்டச்சுக் கட்டம் திறந்தது. மூடிவிட்டேன். அந்தத் தெருவில் முதல் நாள் பெட்டியோடு நின்றபோது, "உக்காரு புள்ள, மொதல்ல எனக்குப் பண்ணு, பாத்துட்டுத்தான் மத்தவங்களச் சொல்லுவேன்" என்று நாற்காலியில் சாய்ந்தவர். எடுத்து முடித்ததும் கண்ணாடியைக்கூடக் கேட்கவில்லை, காம்பவுண்டுக்கு மேலே எட்டி, "ஏ கோமதி, வா இங்க" என்றார். இன்று அந்தத் தெருவில் எனக்குப் பதினொரு வீடு. பதினொன்றும் அவர் சொல்லி வந்தவை. அவரிடம் போய் இருபது ரூபாய் அதிகம் கேட்பதா? அவருக்குப் பழைய ரேட்டே இருக்கட்டும். மகள் பிரியாவுக்கு ஆவணியில் கல்யாணம், அலங்காரம் நான்தான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். அதையும் நினைத்துக்கொண்டுதான் மூடினேன். இங்கேயாவது உண்மையை எழுதலாம்.

ஜூலை 25, வெள்ளி

வேலை இல்லை. ஃபோன்தான் வேலை.

பதில்கள்: கட்டைவிரல் 9. "ok ma" 4. "ஏன்மா திடீர்னு" 2. மாரண்டஹள்ளி ஜவுளிக்கடை அக்கா: "பாலக்கோடு பார்லர்லயே அம்பதுதான், ஏசி வேற." மீதிப் பேர் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். பேசாதவர்களைத்தான் நாள் முழுக்க நினைத்தேன்.

பாதியில் இருந்த நாவலை எடுத்தேன். ஒரே பக்கம் நான்கு முறை. கதையில் வரும் யாருக்கும் சாப்பாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதவில்லை. முன்பு இது உறுத்தியதில்லை.

ஜூலை 28, திங்கள்

வெயில். புது ரேட்டின் முதல் நாள். பாப்பாரப்பட்டி.

முதலில் கோமதி அக்கா, சரசு அக்காவின் பக்கத்து வீடு. முடித்ததும் நாற்பதை நீட்டி என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஓ, ஏத்திட்டீங்க இல்ல" என்று உள்ளே போய் இன்னொரு இருபது கொண்டுவந்தார். நேற்றுவரை "வா போ". இன்று "ஏத்திட்டீங்க".

பிறகு சரசு அக்கா. நூலின் ஒரு முனை பல்லில் இருக்கும்வரை பேச வேண்டியதில்லை, அந்த வசதி இந்தத் தொழிலில் உண்டு. இன்று வழக்கத்தைவிட மெதுவாகவே எடுத்தேன். நூலை விட்டதும் எதுவும் கேட்காமல் நாற்பது தந்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பிரியா மோர் கொடுத்தாள். "கல்யாணத்தன்னைக்கு விடிகாலையிலயே வந்துடணும்க்கா" என்றாள்.

திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. நன்றி மறக்காதவள் என்று என்னையே மெச்சிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

ஜூலை 29, செவ்வாய்

பத்து மணிக்குக் கோமதி அக்காவின் ஃபோன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஏம்மா, எனக்கு அறுபது, சரசுக்கு நாப்பதா? எங்கூட்டு நோட்டு செல்லாதா?"

"இல்லைங்கக்கா, அவுங்க தான் என்னை மொதல்ல..."

"அதத்தான் கேக்குறேன். கூட்டியாந்து வுட்டதுக்குக் கமிஷனா? எங்க தலைக்கு இவ்வளவுன்னு அந்தம்மாவுக்குப் போவுதா? தெருவே பேசுது."

நேற்று சாயங்காலம் பைப்படியில் மெசேஜைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. சரசு அக்கா, "எனக்கு ஒண்ணும் வர்லயே, நாப்பதுதான் குடுத்தேன்" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

மதியத்துக்குள் அந்தத் தெருவில் நான்கு பேர் "இந்த மாசம் வேண்டாம்". பதினொன்றில் நான்கு. மற்றவர்களும் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்தி வைத்தேன்.

சோறு இறங்கவில்லை. அம்மா ரசத்தை இன்னொரு முறை சுடவைத்தாள்.

ஜூலை 30, புதன்

லேசான தூறல். நல்லம்பள்ளியில் ஒரு ஃபேஷியல். 700 தந்தார்கள், ஒரு வார்த்தை இல்லாமல். சந்தோஷப்பட முடியவில்லை.

நான்கு மணிக்கு சரசு அக்கா. "நாளைக்கு வந்துட்டுப் போ." அவ்வளவுதான். வழக்கமான "கண்ணு" இல்லை, "புள்ள" இல்லை. வைத்துவிட்டார்.

என்ன சொல்வது? (1) மெசேஜ் அனுப்ப மறந்துவிட்டது. பொய். (2) உங்களுக்கு மட்டும் சலுகை. அதுதான் பிரச்சினையே. (3)

மூன்று இன்னும் காலியாக இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

சரசு அக்கா வீட்டு வாசலில் நீல நாற்காலிகள். கோமதி அக்காவோடு ஐந்து பெண்கள். எல்லாரையும் அவரே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். எனக்கு மட்டும் நாற்காலி இல்லை.

"ஏம் புள்ள, நாங்க என்ன கஞ்சிக்கு இல்லாதவங்களா?"

"ஐயோ, இல்லைங்கக்கா."

"பின்ன எதுக்கு எனக்கு மட்டும் பழைய ரேட்டு? பாவம்னு வுட்டுட்டியா?"

"நீங்க தானுங்கக்கா என்னை இந்தத் தெருவுக்கு..."

"கூட்டியாந்தேன். கை சுத்தமா இருந்துச்சு, கூட்டியாந்தேன். அதுக்கு உங்கிட்ட ஒத்த ரூபா வாங்கியிருக்கேனா? சொல்லு. இவுங்க காதுல வுழற மாதிரி சொல்லு."

"இல்லைங்க. ஒரு ரூபாகூட வாங்கல."

"இப்ப ரேட்டு எவ்வளவு?"

"அறுபதுங்க."

"எனக்கு?"

 பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். "உங்களுக்கும் அறுபதுங்க."

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்து என் கையில் வைத்தார். திங்கட்கிழமையின் மீதி. கோமதி அக்கா, "நான் என்ன நெசமாவா கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு..." என்று இழுத்தார். "ஒரு பேச்சு ரெண்டு நாளா தெரு முழுக்க நடந்துச்சு" என்றார் சரசு அக்கா. யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேட் வரைக்கும் கூடவே வந்தார். குரலைத் தாழ்த்தி: "பிரியா கல்யாணத்துக்குத் தருமபுரியில வேற ஆளு சொல்லியாச்சு. வருத்தப்படாத. உன்னக் கூப்புட்டா நீ எவ்வளவு வாங்குனாலும் குறைச்சுத்தான் வாங்குனன்னு பேசுவாளுங்க. எம்புள்ள கல்யாணத்துல அந்தப் பேச்சு வேணாம்."

சரிங்கக்கா என்றேன்.  கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வேலை இல்லை. வெயிலும் இல்லை.

எட்டாயிரம் போனது உறுத்துகிறதா, பிரியாவா? இரண்டும். பதினெட்டு வயதில் முதல் தடவை அவள் நெற்றியில் நூல் வைத்தபோது கத்திய கத்தல் ஞாபகம். அவளுக்கு எந்தப் பொட்டு எடுக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

சரசு அக்காவிடம் முதலிலேயே போய் நேராகச் சொல்லியிருந்தால் முகத்தைச் சுளித்து, இரண்டு வார்த்தை திட்டி, கொடுத்திருப்பார். கல்யாணமும் என்னிடம் இருந்திருக்கும். வாயைத் திறக்கப் பயந்து, அதற்கு நன்றி என்று பெயர் வைத்துக்கொண்டேன். அவர் பெயர்தான் தெருவில் அடிபட்டது.

மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பழைய ரேட்டுக்கே போயிடலாமா?" என்றாள். நிஜமாகவே கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.  திரும்பப் போனாலும் அந்த நான்கு வீடு வருமா?

ஆகஸ்ட் 2, சனி

மேகமூட்டம். நாளை ஆடிப் பதினெட்டு, அதனால் இன்று எல்லோருக்கும் புருவம் எடுக்க வேண்டும். போன வருடம் இந்நேரம் எட்டு வீடு. இன்று மதியம் வரை இரண்டு.

இரண்டரைக்கு ஃபோன். கோமதி அக்கா.

"நாளைக்கு ஒகேனக்கல் போறோம். நானும் என் நாத்தனாரும். இன்னைக்கு வர்றியா?"

"வர்றேங்கக்கா."

"ரெண்டு பேருக்கும் சேத்து நூறுன்னு வெச்சுக்க."

"நூத்தியிருபதுங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "உங்களுக்குன்னா பாத்துக்கலாம்க்கா" என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. மூன்று வருடமாக இந்த இடத்தில் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு விசில். வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை, லைனில்தான் இருக்கிறார். யாரிடமோ, "அறுபதாம்டி" என்றது கேட்டது. அந்த யாரோ என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"சரி, நாலரைக்கு வா. மழைக்கு முந்தி வந்துடு."

இப்போது மூன்றே கால். பெட்டியில் புது நூல் எடுத்து வைத்துவிட்டேன்.  முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.