புல்தரைக்கு எந்த மிஷின்

12 ஜூன் 1961

சுரங்கக் கம்பெனி கிளப்பின் செக்ரெட்டரி கூப்பிட்டனுப்பினார். கிளப் புல்தரைக்கு மிஷின் வாங்கப் போகிறார்களாம். இரண்டு வகை பார்வைக்கு வருகிறது. "எது சரின்னு நீயே பாத்து எழுதிக் குடு, தம்மபாலன்." ஏன் நான்? சுரங்கத்துக்குள் இருபத்திரண்டு வருடம் கிடந்தவன். நெஞ்சில் தூசி என்று டாக்டர் சொன்னதால் போன தை முதல் இங்கே தோட்ட மேஸ்திரி. புல்லை அரிவாளால் அறுப்பவர்கள் பழனியம்மாவும் தங்கம்மாவும்தான்.

15 ஜூன்

கையால் தள்ளும் மிஷின் வந்தது. தள்ளினால் கத்திகள் உருண்டு வெட்டுகின்றன. சின்னப் புல் என்றால் சுத்தமாக வெட்டுகிறது. விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்தால் மடிந்துபோகிறது. இரண்டு வரிசை போனேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க நேரமாயிற்று.

16 ஜூன்

பெட்ரோல் மிஷின். சமதரையில் சும்மா ஓடுகிறது. குளத்துப் பக்கச் சரிவில் வழுக்கி, கல்லில் மோதி நின்றது. புகை பட்டதும் இருமல். ஆனாலும் இரண்டு பெண்களின் நாலு நாள் வேலை ஒரே காலையில் முடிந்தது. தங்கம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "இனிமே எங்களுக்கு இன்னா வேலைண்ணா?"

கல்லில் மோதிய கத்தியைத் துடைத்து வைத்தேன்.

17 ஜூன்

யசோதா கோபமாக இருக்கிறாள். "மோட்டாருன்னே எழுதுயா. நடந்தாலே உனக்கு மூச்சு வாங்குது. அடுத்தவங்க பொழப்ப நெனச்சி உன் உசுர உடப் போறியா?" கட்டியவள் வேறு எப்படிப் பேசுவாள்? ஆனால் பழனியம்மா புருஷன் சுரங்கத்தில் பாறை சரிந்து உள்ளேயே போனவன். அவளுக்கு இந்த அரிவாளை விட்டால் வேறில்லை.

18 ஜூன்

எழுதவில்லை. அலுப்பு.

19 ஜூன்

பழனியம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். கை மிஷின் என்று எழுதினால் தள்ள எனக்குத் தெம்பில்லை, மோட்டார் என்று எழுதினால் உங்கள் இருவருக்கும் வேலையில்லை என்று. அவள் என்னை வெறித்துப் பார்த்தாள்.

"நீ ஏன்ணா தள்ளணும்? எங்க கைக்கு இன்னா வந்துச்சி?"

சே! ஒரு வாரமாக இது எனக்குத் தோன்றவே இல்லையே. தங்கம்மா கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, முன்னால் கயிறு கட்டி இழுத்தாள். பழனியம்மா தள்ளினாள். நாலு வரிசை, நிற்காமல். "தண்ணி வண்டி தள்றதவிட இது லேசுண்ணா."

20 ஜூன்

எழுதிக் கொடுத்தேன். சரிவும் கல்லும் உள்ள இடத்துக்குக் கை மிஷினே சரி. மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை வெட்ட வேண்டும். ஓரங்களுக்கு அரிவாள். ஆள் இரண்டு: பழனியம்மா, தங்கம்மா.

செக்ரெட்டரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு பேர் போதும்னா, நீ?"

"என்னால முடியல, சார்." வாய்விட்டு இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. யசோதாவிடம்கூடச் சொன்னதில்லை.

24 ஜூலை

மிஷின் வந்துவிட்டது. கத்தியின் உயரத்தை மட்டும் நான் சரிசெய்து கொடுத்தேன். டாக்டர்கள் மறுபடி நெஞ்சைப் படம் எடுத்தார்கள்.

30 ஆகஸ்ட்

நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, இன்றோடு என்னை வேலையிலிருந்து விடுவித்தார்கள். கிளப் பதிவேட்டில் மேஸ்திரி இடத்தில் பழனியம்மாவின் பெயர் எழுதியிருக்கிறது. மிஷின் கொட்டகைச் சாவியை அவளிடம் கொடுத்தேன். "போயிட்டு வாங்கண்ணா" என்றாள். அதுவரை என்னை 'வாங்க' என்றதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.